இரவல் பாட்டும் கடன் கணக்கும்

2015 டிசம்பரில், மேற்கு லண்டனில் உள்ள பிரிட்டிஷ் குரோவ் ஸ்டூடியோவுக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் குழு போனது புதுப் பாட்டுகளைப் பதிவு செய்வதற்காக. 2005க்குப் பிறகு அவர்களிடமிருந்து முழு ஆல்பம் எதுவும் வந்திருக்கவில்லை. மிக் ஜாகருக்கு 72, கீத் ரிச்சர்ட்ஸுக்கு 71, சார்லி வாட்ஸுக்கு 74, ரானி வுட்டுக்கு 68. நான்கு பேர் வயதையும் கூட்டினால் 285. புதுப் பாட்டு லேசில் பிடி கொடுக்கவில்லை. ஸ்டூடியோ பழக்கமில்லாத இடம், சத்தம் சரியாக உட்காரவில்லை. சரி, கை சூடாகட்டும் என்று ரிச்சர்ட்ஸ் ஒரு பழைய ப்ளூஸ் பாட்டை எடுத்தார். லிட்டில் வால்டர் பாடிய 'ப்ளூ அண்ட் லோன்சம்'. வாசித்து முடித்ததும் அறையே மாறிவிட்டது. ஜாகர் இன்னொன்று வாசிக்கலாம் என்றார். அப்புறம் இன்னொன்று. மூன்று நாளில் 12 பாட்டு முடிந்துவிட்டது.

அந்தப் பன்னிரண்டில் ஒன்றுகூட இவர்கள் எழுதியதில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஜாகர் - ரிச்சர்ட்ஸ் என்ற இரட்டைப் பெயரால் அறியப்பட்ட குழு, அந்தப் பெயர் ஒரு பாட்டின் கீழும் இல்லாமல் வெளியிட்ட முதல் ஸ்டூடியோ ஆல்பம் இதுதான். 2016 டிசம்பர் 2 அன்று 'ப்ளூ அண்ட் லோன்சம்' என்ற பெயரிலேயே வந்தது. பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் நான்காம் இடம், 2018ல் மரபு ப்ளூஸ் பிரிவில் கிராமி விருது.

நமக்கு இதில் என்ன ஆச்சரியம் என்று தோன்றலாம். கச்சேரியில் கீர்த்தனை பாடும் வித்வானைப் பார்த்து 'இது உங்க சொந்தப் பாட்டா?' என்று யாரும் கேட்பதில்லை. ராக் இசையில் அப்படி இல்லை. 1960களின் நடுவிலிருந்தே அங்கே சொந்தமாக எழுதுகிறவனுக்குத்தான் மரியாதை. அடுத்தவர் பாட்டைப் பாடுவது ஆரம்பகாலத்துப் பையன்கள் செய்யும் வேலை, அல்லது சரக்கு தீர்ந்துபோன கிழவர்கள் செய்யும் வேலை. ஸ்டோன்ஸ் இரண்டு காலத்திலும் அதைச் செய்தார்கள். நடுவில் நடந்தது என்ன என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இந்த ஆல்பத்தை நான் சிலாகித்தபோது ஒரு நண்பர் சொன்னார்: "கறுப்பர்கள் பாட்டை எடுத்துக் காசு பண்ணினாங்க. இப்ப வயசான காலத்துல புண்ணியம் தேடறாங்க. அவ்வளவுதானே?" அவ்வளவுதான் என்று நானும் தலையாட்டியிருக்கலாம். ஆனால் கணக்கு அத்தனை நேராக இல்லை.

1961 அக்டோபர் 17. லண்டனுக்கு வெளியே டார்ட்ஃபோர்ட் ரயில் நிலையம். சிறுவயதில் ஒரே பள்ளியில் படித்த இரண்டு பேர் பல வருடம் கழித்துப் பார்த்துக்கொள்கிறார்கள். ஜாகர் கையில் இசைத்தட்டுகள்: ஒன்று சக் பெர்ரி, இன்னொன்று 'தி பெஸ்ட் ஆஃப் மடி வாட்டர்ஸ்'. இரண்டும் சிகாகோவின் செஸ் நிறுவனம் வெளியிட்டவை. செஸ் தட்டுகளை ஜாகர் சிகாகோவுக்கே எழுதிப் போட்டுத் தபாலில் வரவழைத்துக்கொண்டிருந்தார். மறு வருடம் பிரையன் ஜோன்ஸுடன் சேர்ந்து குழு அமைத்தபோது, பத்திரிகைக்குத் தொலைபேசியில் பெயர் சொல்ல வேண்டியிருந்ததாம். தரையில் கிடந்த மடி வாட்டர்ஸ் தட்டின் உறையில் 'ரோலிங் ஸ்டோன்' என்ற பாட்டின் பெயர் ஜோன்ஸ் கண்ணில் பட்டது என்பது ரிச்சர்ட்ஸ் சொல்லும் கதை. ஆக, பெயரே இரவல்.

பாட்டும் இரவல். 1963 ஜூனில் வந்த முதல் தட்டு சக் பெர்ரியின் பாட்டு. இரண்டாவதை எழுதிக் கொடுத்தவர்கள் லெனனும் மெக்கார்ட்னியும். 1964 ஏப்ரலில் வந்த முதல் ஆல்பத்தில் 12 பாட்டுகள், அதில் ஒன்பது பிறருடையவை. அவர்களுடைய எண்ணம் தங்களுக்குப் பிடித்த கறுப்பர் இசையை லண்டன்காரர்கள் காதில் போடுவது. பாட்டு எழுதுகிறவர்கள் வேறு ஜாதி என்று நினைத்திருந்தார்கள்.

நினைப்பை மாற்றியவர் மேலாளர் ஆண்ட்ரூ ஓல்டம். ஜாகரையும் ரிச்சர்ட்ஸையும் சமையலறையில் வைத்துப் பூட்டி, பாட்டு எழுதினால்தான் கதவைத் திறப்பேன் என்றாராம். கதை கொஞ்சம் கைகால் முளைத்ததாக இருக்கலாம். பூட்டினாரோ இல்லையோ, எதற்காக அவசரப்படுத்தினார் என்பதில் சந்தேகமில்லை. இசைத்தட்டு விற்றால் பணம் இரண்டு வாய்க்காலில் ஓடுகிறது. ஒன்று பாடிப் பதிவு செய்தவருக்கும் கம்பெனிக்கும். இன்னொன்று பாட்டை எழுதியவருக்கும் அவருடைய பதிப்பாளருக்கும். அமெரிக்காவில் ஒரு பாட்டு ஒருமுறை தட்டில் வந்துவிட்டால், அதை யார் வேண்டுமானாலும் திரும்பப் பாடிப் பதிவு செய்யலாம். எழுதியவரின் சம்மதம் தேவையில்லை, சட்டம் சொல்லும் கட்டணத்தைக் கொடுத்தால் போதும். 1909 சட்டப்படி பிரதிக்கு 2 சென்ட். 1977 முடியும்வரை அதே 2 சென்ட்தான். தட்டின் முன்பக்கப் பாட்டு எவ்வளவு சம்பாதிக்குமோ அதே அளவு பின்பக்கப் பாட்டும் சம்பாதிக்கும், அதை ஒரு ஆள்கூடப் போட்டுக் கேட்காவிட்டாலும். ஸ்டோன்ஸ் ஆரம்பத்தில் 'நாங்கர் ஃபெல்ஜ்' என்ற விசித்திரமான பெயரில் பின்பக்கங்களுக்குப் பாட்டு எழுதியதன் ரகசியம் இதுதான். குழுவே சேர்ந்து எழுதினால் காசும் குழுவுக்கே.

சரி, சட்டம் இப்படி இருக்கும்போது ஸ்டோன்ஸ் ஒரு மடி வாட்டர்ஸ் பாட்டைப் பாடினால் மடி வாட்டர்ஸுக்குப் பணம் வந்திருக்க வேண்டுமே? அங்கேதான் சிக்கல்.

அதற்கு முன் 1964 ஜூன். முதல் அமெரிக்கப் பயணத்தின் நடுவில், சிகாகோ தெற்கு மிச்சிகன் அவென்யூ 2120ஆம் எண் கட்டடத்துக்கு ஸ்டோன்ஸ் போய்ச் சேர்ந்தார்கள். செஸ் நிறுவனத்தின் ஸ்டூடியோ. பதிவுப் பொறியாளர் ரான் மாலோ, அவர்கள் வணங்கிய தட்டுகளில் பலவற்றைப் பதிவு செய்தவர். பக்தர்கள் மூலஸ்தானத்துக்கே போன மாதிரி. உள்ளே நுழைந்தபோது ஒரு கறுப்பு மனிதர் ஏணியில் நின்று கூரைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார், முகமெல்லாம் சுண்ணாம்பு, அவர்தான் மடி வாட்டர்ஸ் என்று ரிச்சர்ட்ஸ் பல முறை சொல்லியிருக்கிறார். செஸ் குடும்பத்தின் மார்ஷல் செஸ் இதை அடியோடு மறுக்கிறார். மடி வாட்டர்ஸ் எப்போதும் மடிப்புக் கலையாத கோட்டு சூட்டில் வருகிறவர், அவராவது ஏணியில் ஏறுவதாவது என்பது அவர் கட்சி. குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த பில் வைமனுக்கு நினைவிருப்பது வேறு காட்சி: தங்கள் வண்டியிலிருந்து கிட்டார்களையும் பெட்டிகளையும் உள்ளே தூக்கி வர மடி வாட்டர்ஸ் கைகொடுத்தார்.

நான் வைமன் பக்கம். சுண்ணாம்புக் கதை நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் அது ஏன் இத்தனை வருடம் உயிரோடு இருக்கிறது என்பது புரிகிறது. தன் குருநாதரைக் கூலியாளாகப் பார்த்ததாகச் சொல்லும்போது, அவருக்கு அநியாயம் செய்தவர்கள் சிகாகோக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். சொல்கிறவர் வெறும் சாட்சி. வந்த பையன்களுக்குப் பெட்டி தூக்க உதவிய மனிதர் அதைவிடச் சங்கடமானவர். அவர் தன் வீட்டுக்கு வந்தவர்களை உபசரித்தார், அவ்வளவுதான்.

அந்த இரண்டு நாளில் பதிவான 'இட்ஸ் ஆல் ஓவர் நவ்' பிரிட்டனில் ஸ்டோன்ஸுக்கு முதல் முதலிடத்தைக் கொடுத்தது. அந்தப் பாட்டை எழுதியவர்களில் ஒருவர் பாபி வோமாக், அப்போது இருபது வயது. தன் குழு பாடிய பாட்டை யாரோ வெள்ளைக்காரப் பையன்கள் எடுத்துப் பாடுவதில் அவருக்குக் கடும் கோபம். அவர்களே ஒரு பாட்டு எழுதிக்கொள்ளட்டுமே என்றாராம். சாம் குக் சமாதானப்படுத்தினார். பிறகு ராயல்டி காசோலை வந்தது. அதற்கப்புறம் ஜாகருக்கு என் பாட்டில் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டதாக வோமாக்கே சிரித்துக்கொண்டு சொல்வார். இரவல் பாட்டு ஒழுங்காக நடந்தால் எப்படி நடக்கும் என்பதற்கு இது உதாரணம்.

எல்லோருக்கும் காசோலை அப்படி வரவில்லை. செஸ் கலைஞர்கள் எழுதிய பாட்டுகளின் உரிமை ஆர்க் மியூசிக் என்ற பதிப்பு நிறுவனத்திடம் இருந்தது, அதில் செஸ் சகோதரர்களும் பங்குதாரர்கள். ப்ளூஸ்காரர்கள் கையெழுத்திட்ட தாள்களில் என்ன இருந்தது என்பது அவர்களில் பலருக்குப் பின்னால்தான் தெரிந்தது. 1970களின் நடுவில் மடி வாட்டர்ஸும் வில்லி டிக்ஸனும் ஆர்க் மீது வழக்குப் போட வேண்டியிருந்தது. கடல் கடந்து வந்த சென்ட்டுகள் சிகாகோ வரை வந்து, கடைசி இரண்டு தெருவைத் தாண்டாமல் நின்றன. இதில் ஸ்டோன்ஸைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குற்றம் சொல்ல வேண்டிய இடம் வேறு. 1969ல் வந்த 'லெட் இட் ப்ளீட்' ஆல்பத்தில் 'லவ் இன் வெய்ன்' என்ற பாட்டு இருக்கிறது. ராபர்ட் ஜான்சன் 1937ல் டல்லஸில் பதிவு செய்தது. மறு வருடமே 27 வயதில் இறந்துபோனவர். ஸ்டோன்ஸ் ஆல்பத்தின் முதல் பதிப்புகளில் அவர் பெயர் இல்லை. வுடி பெய்ன் என்று ஒரு புனைபெயர் இருக்கிறது. 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்'டிலும் ஒரு ஜான்சன் பாட்டு உண்டு. பழைய ஆள், செத்துப்போயிட்டான், ஊர்ச்சொத்து, கேட்பார் இல்லை என்ற நினைப்பு எல்லோரிடமும் இருந்தது. கேட்க ஆள் வந்தது. ஜான்சன் பாட்டுகளின் உரிமை பற்றி ஸ்டோன்ஸின் பதிப்பு நிறுவனத்தோடு வழக்கு நடந்து, அவை பொதுச்சொத்து அல்ல என்று 2000ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு மிசிசிப்பி உச்ச நீதிமன்றம், சரளைக்கல் லாரி ஓட்டிப் பிழைத்துக்கொண்டிருந்த ஒருவரை ஜான்சனின் மகன் என்று உறுதி செய்தது. அப்பா இறந்து 62 வருடம் கழித்து.

இன்னொரு பக்கமும் உண்டு, அதை விட்டுவிட்டுப் பேசினால் ப்ளூஸைப் பற்றிப் பேசியதாகாது. ப்ளூஸ்காரர்களும் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொண்டே இருந்தவர்கள்தான். மடி வாட்டர்ஸின் 'ரோலிங் ஸ்டோன்' அதற்கு முன்பிருந்தே மிசிசிப்பியில் புழங்கிய 'கேட்ஃபிஷ் ப்ளூஸ்' என்ற பாட்டின் வம்சம். 'ப்ளூ அண்ட் லோன்சம்' ஆல்பத்தில் எட்டி டெய்லரின் 'ரைட் எம் ஆன் டவுன்' இருக்கிறது, அதன் தாத்தா புக்கா வைட்டின் 1937 பதிவு. முதல் பாட்டான 'ஜஸ்ட் யுவர் ஃபூல்' லிட்டில் வால்டர் பாடிப் பிரபலமானது, ஆனால் அவரே அதை பட்டி ஜான்சனின் இசைக்குழுவிடமிருந்துதான் எடுத்தார். இரவலுக்கு இரவல். ஒரே ஊரில், ஒரே மதுக்கடை மேடையில், எல்லோரும் ஒரே அளவு ஏழையாக இருக்கும்போது அதற்குக் கணக்கு எழுத வேண்டிய அவசியம் இல்லை. எடுத்தவன் கோடீஸ்வரன் ஆகும்போதுதான் கணக்குப் புத்தகம் திறக்கிறது.

இனி ஆல்பத்துக்கு வருகிறேன். பன்னிரண்டில் நான்கு லிட்டில் வால்டருடையவை. அவர் மவுத் ஆர்கனைப் பிடித்த விதமே வேறு. மலிவான மைக் ஒன்றை மவுத் ஆர்கனோடு சேர்த்து இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டு, அதை கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் சொருகிவிடுவார். குழந்தைகள் திருவிழாவில் வாங்கும் அந்தச் சின்ன வாத்தியம் சாக்ஸபோன் மாதிரி உறுமும். ப்ளூஸில் மவுத் ஆர்கனைப் பாட்டின் சுருதியில் வாசிப்பதில்லை என்பது இன்னொரு விஷயம். பாட்டு ஈ சுருதியில் என்றால் ஏ சுருதி மவுத் ஆர்கனை எடுப்பார்கள். அப்போது முக்கியமான ஸ்வரங்கள் மூச்சை ஊதும்போது அல்ல, இழுக்கும்போது வரும். இழுக்கும் மூச்சில் அந்த ஸ்வரங்களை வளைத்துக் கீழே இறக்க முடியும். அந்த அழுகை அங்கிருந்து வருகிறது. வால்டரின் 'ஜூக்' 1952ல் கறுப்பர் இசைப் பட்டியலில் முதலிடத்தில் எட்டு வாரம் இருந்தது, வெறும் மவுத் ஆர்கன் இசை. 1968ல் 37 வயதில் இறந்தார்.

ஜாகரை நான் எப்போதும் பாடகராக, அதைவிட ஆட்டக்காரராகத்தான் நினைத்திருந்தேன். இந்த ஆல்பத்தில் அவர் மவுத் ஆர்கன் வாசிப்பதைக் கேட்டால், ஐம்பது வருடமாக ஆள் இதைத் தனியாகச் சாதகம் செய்துகொண்டிருந்திருக்கிறார் என்று தெரிகிறது. 'ஐ காட்டா கோ'வில் மூச்சு இரைக்கிறது, நிற்கவில்லை. எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து நேராக வாசித்தது, பிறகு ஒட்டுப்போட்டது இல்லை. ரிச்சர்ட்ஸின் கிட்டார் வுட்டின் மைக்கில் கசிகிறது, டிரம்ஸ் எல்லாவற்றிலும் கசிகிறது. தயாரிப்பாளர் டான் வாஸ் அதைத் துடைக்காமல் விட்டது புத்திசாலித்தனம். செஸ் தட்டுகளும் அப்படிக் கசிந்தவைதான். பக்கத்து அறையில் தன் ஆல்பத்து வேலையில் இருந்த எரிக் கிளாப்டன் எட்டிப் பார்க்க வந்து இரண்டு பாட்டில் வாசித்துவிட்டுப் போனார். பேஸ் வாசிப்பவர் டாரில் ஜோன்ஸ், சிகாகோவில் பிறந்து வளர்ந்த கறுப்பர். 1990களிலிருந்து ஸ்டோன்ஸுடன் வாசிக்கிறார், மற்ற நான்கு பேரின் படம் போடும் இடத்தில் அவர் படத்தைப் போடுவது வழக்கமில்லை.

எல்லாப் பாட்டும் உயரத்தில் இல்லை. ஹவ்லின் வுல்ஃபின் 'கமிட் எ க்ரைம்', தன்னை விஷம் வைத்துக் கொல்லப் பார்த்த பெண்ணைப் பற்றியது. வுல்ஃப் பாடும்போது உண்மையிலேயே பயமாக இருக்கும். ஜாகர் பாடும்போது வீட்டுச் சண்டைதான். வுல்ஃபின் தொண்டை யாருக்கும் வராது. 1965 மே மாதம் 'ஷிண்டிக்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு ஸ்டோன்ஸ் போனபோது வுல்ஃபையும் அழைக்க வேண்டும் என்று கேட்டு வரவழைத்தார்கள். அவர் பாட, இவர்கள் சுற்றித் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். அந்தப் படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. வுல்ஃபுக்கு அன்று 54 வயது. அவரைக் கிழவர் என்றே அந்தப் பையன்கள் நினைத்திருக்க வேண்டும்.

என்னை இந்த ஆல்பத்தில் நிறுத்தியது இந்த வயசு விஷயம்தான். 1964ல் இருபது வயதுப் பையன்கள் பெரிய மனிதர்களின் குரலை இரவல் வாங்கினார்கள். அனுபவிக்காத துக்கத்தைத் தொண்டையில் ஏற்றிப் பாடினார்கள், கேட்டால் கொஞ்சம் சிரிப்புக்கூட வரும். 2015ல் கணக்கு தலைகீழ். மேஜிக் சாம் 32 வயதில் போனார். லிட்டில் வால்டர் 37. ஜிம்மி ரீட் 50. எட்டி டெய்லர் 62. வுல்ஃப் 65. 'எவ்ரிபடி நோஸ் அபௌட் மை குட் திங்' பாடிய லிட்டில் ஜானி டெய்லர் ஜாகர் பிறந்த அதே 1943ல் பிறந்தவர், 2002லேயே போய்விட்டார். ஆல்பம் வந்தபோது அதன் மூலப் பாடகர்களில் உயிரோடு இருந்தவர் ஓட்டிஸ் ரஷ் ஒருவர்தான், அவரும் 2003ல் வந்த பக்கவாதத்துக்குப் பிறகு கிட்டார் தொடாதவர். இப்போது பாடுகிறவர், பாட்டைக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பார்க்காத வயதில் இருந்து பாடுகிறார். 'லிட்டில் ரெய்ன்' என்ற ஜிம்மி ரீட் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். மெதுவான, ஒன்றும் நடக்காத பாட்டு. இருபது வயதில் இதைத் தொட்டிருந்தால் கெடுத்திருப்பார்கள்.

நண்பருக்கு என் பதில் இதுதான். புண்ணியம் தேடினார்களா என்று எனக்குத் தெரியாது, தேவையுமில்லை. ஆனால் பன்னிரண்டு பாட்டின் கீழும் எழுதியவர் பெயர் இருக்கிறது, வுடி பெய்ன் யாரும் இல்லை. 2016ல் அமெரிக்காவில் சட்டக் கட்டணம் ஐந்து நிமிடத்துக்குள் இருக்கும் பாட்டுக்குப் பிரதிக்கு 9.1 சென்ட். ஜாகரும் ரிச்சர்ட்ஸும் தங்கள் புதுப் பாட்டையே பதிவு செய்திருந்தால் அது அவர்கள் வாய்க்காலில் ஓடியிருக்கும். இந்த ஆல்பத்தில் ஓடவில்லை. வில்லி டிக்ஸனின் இரண்டு பாட்டு இருக்கிறது. செஸ் ஸ்டூடியோ இருந்த 2120ஆம் எண் கட்டடத்தை அவர் மனைவி 1993ல் வாங்கினார். டிக்ஸன் ஆரம்பித்த ப்ளூஸ் ஹெவன் அறக்கட்டளை அங்கே நடக்கிறது. உரிமைத் தாள்களை ப்ளூஸ்காரர்களுக்குப் படித்துக் காட்டுவது அது செய்ய நினைத்த வேலைகளில் ஒன்று.

ஒரு விசித்திரம்: இந்த ஆல்பத்தில் மடி வாட்டர்ஸ் பாட்டே இல்லை. பெயர் கொடுத்தவரை விட்டுவிட்டார்கள். 1981 நவம்பரில் சிகாகோவின் செக்கர்போர்டு லவுஞ்ச் என்ற சின்ன மதுக்கடையில் அவருடன் மேடையேறியிருக்கிறார்கள், அதன் ஒளிப்பதிவு உண்டு. அதற்கு ஒன்றரை வருடத்தில் அவர் இறந்துவிட்டார்.

சார்லி வாட்ஸ் 2021 ஆகஸ்டில் இறந்தார். அவர் முழுக்க வாசித்த கடைசி ஸ்டோன்ஸ் ஸ்டூடியோ ஆல்பம் 'ப்ளூ அண்ட் லோன்சம்' ஆகிவிட்டது. 2023ல் வந்த 'ஹாக்னி டைமண்ட்ஸ்' ஆல்பத்தில் எல்லாம் சொந்தப் பாட்டு, கடைசி ஒன்று தவிர. அது மடி வாட்டர்ஸ் 1950ல் பதிவு செய்த அந்த 'ரோலிங் ஸ்டோன்'. டார்ட்ஃபோர்ட் ரயில் நிலையத்தில் சந்தித்த இரண்டு பேர் மட்டும் வாசிக்கிறார்கள். ஒரு கிட்டார், ஒரு மவுத் ஆர்கன், ஜாகரின் குரல். டிரம்ஸ் இல்லை. மடி வாட்டர்ஸின் பதிவிலும் டிரம்ஸ் கிடையாது.